கை எடுத்தால் நிற்க வேண்டும்

திருக்கழுக்குன்றத்தில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றால், காலிங் பெல் பொத்தானைக் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் தலையில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு சுவரிலிருந்து எட்டிப் பார்த்தன. செங்கற்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ், பஸ் நிலையத்திலிருந்து நல்ல வெயிலில் நடை. இவ்வளவுக்கும் பிறகு கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்ததுதான் மிச்சம். ஒரு வழியாக அத்தை வந்து திறந்தாள்.

"பெல் என்ன ஆயிற்று, அத்தை?"

"அதுவா? உங்க மாமா கட்டிலுக்குப் போயிடுச்சு. உள்ளே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். பார்த்ததைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். மோட்டார், கம்பி என்றெல்லாம் நடுவில் வரும். உடனே பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். எனக்கும் காலேஜில் சரித்திரம்தான் பாடம். எனக்குப் புரிந்தது யாருக்கும் புரியும்.

மாமா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் பழைய கணக்கு வாத்தியார் புத்தி, துளிக்கூடக் குறையவில்லை. அவருடைய கட்டில் ஜன்னலோரத்தில் இருக்கிறது. தலைமாட்டை உயர்த்தினால் வேதகிரி மலை தெரியும். ஐந்நூற்றுச் சொச்சம் படி. ஒரு காலத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறி இறங்கினவர். மத்தியானத்தில் இரண்டு கழுகுகள் எங்கிருந்தோ வந்து, படைத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்று சீமையிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்களே, அதே மலைதான். 1990-களின் கடைசியோடு கழுகுகள் வருவதை நிறுத்திவிட்டன. பன்னிரண்டு மணிக்கு மலையைப் பார்ப்பதை மாமா நிறுத்தவில்லை.

படுத்தபடியே பார்க்க முடியாது. தலைப்பக்கம் எழும்ப வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இருக்கிற மாதிரிக் கட்டில் அது. கால்மாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்பும். அத்தைக்கோ முழங்கால் வலி. ஒரு நாளைக்கு ஆறு தடவை குனிந்து உட்கார்ந்து அதைச் சுற்றுவது என்றால் சும்மாவா? யாரோ சொல்லி யாரோ ஒருவர் வந்தார். கைப்பிடிக்குப் பதில் திருகுத் தண்டை நீட்டி மடக்குகிற ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தினார். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. சுவரில் ஒரு ஸ்விட்ச் வைத்தார். மேலே தள்ளினால் கட்டில் ஏறும், கீழே தள்ளினால் இறங்கும், நடுவில் வைத்தால் நிற்கும். தள்ளின இடத்திலேயே அந்த ஸ்விட்ச் நின்றுகொள்ளும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் காலை அத்தை ஸ்விட்சை மேலே தள்ளினாள். அதே நிமிஷம் அடுப்பில் பால் பொங்கிற்று. ஓடாமல் இருக்க முடியுமா? ஓடினாள். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் கட்டில் தன் பாட்டுக்கு ஏறி, மாமாவைச் சுவரில் சாத்திவைத்த பாய் மாதிரி நிமிர்த்திவிட்டது. உட்கார்ந்திருக்க வலுவில்லாமல் அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, தலையணைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே கழுத்து மடங்கிக் கிடந்தார். கூப்பிடக் குரல் ஏது? வாசற்படியைப் பார்த்த கண் பார்த்தபடி இருந்தாராம்.

"அந்தப் பார்வையை என்னால மறக்க முடியல்லேடா" என்றாள் அத்தை.

அதன் பிறகு ஒரு மாசம் அந்த ஸ்விட்சை யாரும் தொடவில்லை. மாமா படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பாற்ற வந்தவன் செங்கற்பட்டு ரோட்டில் கார் வயரிங் பார்க்கிற ஒரு பையன். இருபத்தைந்து வயசு இருக்கும். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது கார் ஜன்னல் மாதிரிதாம்மா. கண்ணாடி ஏத்துறதுக்கு நாங்க போடறதை இதுக்குப் போட்டுட்டா சரியாப் போச்சு" என்றானாம். மறுநாள் இரண்டு ரிலேயும் கொஞ்சம் கம்பியும் வாங்கி வந்தான். பொத்தான் இரண்டு வேண்டியிருந்தது. கடையில் அன்று ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை வாசலிலிருந்து கழற்றிக்கொண்டான். பெல் போன கதை அதுதான்.

நான் போயிருந்த அன்று அவன் பேட்டரியைப் பார்க்க வந்திருந்தான். விடுவேனா? பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே மைசூர்பாகுத் துண்டு அளவில் இரண்டு கறுப்புக் கட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கால்கள். அவ்வளவுதான்.

முதலில் மோட்டார் விஷயம். காந்தம் வைத்த சின்ன மோட்டாருக்கு இரண்டு கம்பி உண்டு. ஒன்றை பேட்டரியின் கூட்டல் முனையிலும் மற்றதைக் கழித்தல் முனையிலும் வைத்தால் ஒரு பக்கம் சுற்றும். கம்பிகளை இடம் மாற்றினால் எதிர்ப் பக்கம் சுற்றும். வீட்டில் உடைந்த பொம்மைக் கார் இருந்தால் அதன் மோட்டாரை எடுத்து ஒரு டார்ச் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கும் பொழுது போகும். 1820-ல் டென்மார்க் தேசத்தில் எர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் போகிற கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மின்சாரத்தைத் திருப்பி விட்டால் முள் மறு பக்கம் திரும்பிற்று. மோட்டாருக்குள் நடப்பதும் இதுதான். காந்தம் அசையாமல் நிற்கிறது, கம்பிச் சுருள் அதனால் தள்ளப்படுகிறது. மின்சாரத்தின் திசை மாறினால் தள்ளும் திசையும் மாறும்.

இங்கே புத்திசாலி வாசகி ஒருத்தி குறுக்கே கேட்கலாம். "வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது என்கிறார்களே, என் மிக்ஸி ஏன் முன்னும் பின்னும் உதறாமல் ஒரே பக்கம் சுற்றுகிறது?" நல்ல கேள்வி. நானும் இதைத்தான் கேட்டேன். மிக்ஸிக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. காந்த வேலையையும் இன்னொரு கம்பிச் சுருள்தான் செய்கிறது. திசை மாறும்போது இரண்டு சுருளிலும் சேர்ந்தே மாறிவிடுகிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தில் கட்சி மாறினால் வீட்டில் சண்டை ஏது? அந்த ஜாதி மோட்டாரைத் திருப்ப வேண்டுமானால் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓட ஆரம்பித்த மின்சார ரயில், 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் இந்த வகை மோட்டாரால்தான் ஓடியது. நீராவி எஞ்சின் மாதிரி அதைச் சுற்றுமேடையில் ஏற்றித் திருப்ப வேண்டியதில்லை. டிரைவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போய், திசைப் பிடியைத் திருப்பினால் வந்த வழியே போகும். இன்றைக்கும் செங்கற்பட்டில் வண்டி நின்றதும் டிரைவர் பையும் கையுமாகப் பிளாட்பாரத்தில் நடப்பதைப் பார்க்கலாம்.

இனி அந்தக் கறுப்புக் கட்டி. ரிலே என்ற பேர் புதிதாக இருந்தாலும் அதன் குரல் உங்களுக்குப் பழக்கம்தான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டெபிலைஸர் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக், டக்' என்கிறதே, அது ரிலேயின் குரல். உள்ளே ஒரு கம்பிச் சுருளும், அதற்கு எதிரே ஓர் இரும்பு நாக்கும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் போனால் அது காந்தமாகி நாக்கை இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் நாக்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும். அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி என்பவர் 1835-ல் செய்து காட்டிய வித்தை இது. தந்திக் கம்பியில் தூரம் போகப் போகச் செய்தி இளைத்துப் போகும். இளைத்துப் போன மின்சாரம் இந்த நாக்கை அசைத்தால் போதும், நாக்கு ஒரு புதுப் பேட்டரியைத் திறந்து விட்டுவிடும். நம் நாட்டில் 2013-ம் வருஷம் ஜூலை மாசத்தோடு தந்தி போய்விட்டது. தந்திக்கு உழைத்த தூதன் மாமாவின் கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்து கால்களுக்கும் நம்பர் போட்டிருந்தது. பையன் அதைத் திருப்புகழ் மாதிரி ஒப்பித்தான். "எண்பத்தஞ்சு, எண்பத்தாறு சுருளு. முப்பது நாக்கு. சும்மா இருக்கறப்போ நாக்கு எண்பத்தேழு-ஏ-வைத் தொட்டுக்கிட்டு இருக்கும். இழுத்தா எண்பத்தேழுக்குப் போயிடும். உலகத்துல எந்த காரா இருந்தாலும் பெரும்பாலும் இதே நம்பர்தான் சார்."

இரண்டு ரிலேயின் 30-ஐயும் மோட்டாரின் இரண்டு கம்பிகளுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தான். இரண்டு பேருடைய 87-ஏ-யும் பேட்டரியின் கழித்தலில் சேர்ந்திருந்தன. இரண்டு 87-ம் ஃப்யூஸ் வழியாகக் கூட்டலில். சுருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலிங் பெல் பொத்தான்.

இதை இப்படிக் கேட்டால் தலை சுற்றும்; எனக்கும் சுற்றிற்று. மாமாவுக்கு இடது கைப் பக்கம் கூஜாவும் டம்ளரும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. இரண்டு குடங்களை அடியில் ஒரு ரப்பர் குழாயால் இணைத்துத் தரையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் ஓடாது. வலது குடத்தைத் தூக்கி ஒரு படி மேலே வைத்தால் தண்ணீர் வலமிருந்து இடமாக ஓடும். அதை இறக்கிவிட்டு இடது குடத்தைத் தூக்கினால் எதிர்ப் பக்கம் ஓடும். இரண்டையும் ஒன்றாகத் தூக்கிவிட்டால்? மறுபடி ஒரே மட்டம், ஓட்டம் கிடையாது. குழாயின் நடுவில் இருப்பதுதான் மோட்டார். குடம் தூக்குகிற கைகள் இரண்டும் ரிலேக்கள். பொத்தானை அழுத்தினால் கை குடத்தைத் தூக்கும், விட்டால் இறக்கிவிடும்.

மாமா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தின் இடது பாதியில் ஒரு சிரிப்பு வந்தது. வாத்தியார் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ரிலேயில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டேன். இரண்டு நாக்கு உள்ள பெரிய ரிலே ஒன்று வாங்கி, கம்பிகளைக் குறுக்கு மறுக்காகக் கொடுத்தால் திசை மாறும்தான். "ஆனா அதுக்கு ரெண்டே புத்திதான் சார். முன்னாடி போ, இல்லேன்னா பின்னாடி போ. சும்மா இருன்னு சொல்ல அதுல இடமே இல்ல. அதை நிறுத்த இன்னொரு ஸ்விட்ச் வேணும்" என்றான் பையன். பழைய ஸ்விட்சின் குணமும் ஏறக்குறைய இதுதான். யாராவது வந்து நிறுத்துகிற வரையில் சொன்னதையே செய்துகொண்டிருக்கும். காலிங் பெல் பொத்தானோ பிறவியிலேயே வேறு மாதிரி. அதற்கு உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. விரல் இருக்கிற வரையில்தான் அதற்கு உயிர். பால் பொங்கி அத்தை ஓடினால் விரலும் கூடவே ஓடும். கட்டில் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நிற்பது என்றால் மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்பது அல்ல, டக்கென்று நிற்கிறது. அதற்கும் காரணம் உண்டு. விரலை எடுத்ததும் மோட்டாரின் இரண்டு கம்பியும் ஒரே இடத்தில், கழித்தலில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஓடின வேகத்தில் மோட்டார் கொஞ்ச நேரம் தானே ஒரு டைனமோ ஆகி மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் தன்னையே சுற்றிவந்து தன் ஓட்டத்தையே பிடித்து இழுக்கும். முன்பு சொன்ன பொம்மை மோட்டாரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். முரண்டு பிடிப்பது கைக்குத் தெரியும்.

இன்னொரு நன்மை, செலவில் வந்தது. பழைய சுவர் ஸ்விட்சைக் கழற்றியபோது உள்ளே கரி பிடித்திருந்ததாம். மோட்டார் சாப்பிடுகிற மின்சாரம் அத்தனையும் அதன் வழியாகத்தான் போயிற்று. இப்போது அந்தச் சுமையெல்லாம் ரிலேயின் தடித்த நாக்குக்குப் போய்விட்டது. பொத்தான் வழியாகப் போவது சுருளுக்கு வேண்டிய மின்சாரம் மட்டும். ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோ. வாசற்கதவுப் பொத்தான் இதைத் தாங்கிவிடும்.

இரண்டு கோடியிலும் தண்டு தானே நிற்பதற்கு மோட்டாருக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. கோடிக்குப் போனதும் ஒரு குட்டி ஸ்விட்ச் வழியை அடைத்துவிடும். ஆனால் டயோடு என்று ஒரு சாமான், திரும்பி வருகிற மின்சாரத்துக்கு மட்டும் வழி விடும். கோயிலில் தரிசனம் முடித்தவர்களை மட்டும் வெளியே விடுகிற கதவைப் போல. அது இல்லாவிட்டால் மேலே போன கட்டில் மேலேயே நின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் நாளே ஒரு தவறு நேர்ந்தது. பையனே சொன்னான், ஒளிக்கவில்லை. பொத்தான்களை ஒரு சோப்பு டப்பாவின் மூடி மேல் வைத்து மாமாவின் இடது கைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தான். மத்தியானம் மாமா கண்ணயர்ந்தபோது முழங்கை 'இறங்கு' பொத்தானில் அழுந்திக் கட்டில் இறங்கிவிட்டது. விரல் வேறு, முழங்கை வேறு என்று பொத்தானுக்குத் தெரியுமா?

இதே சங்கடம் பெரிய தேசங்களுக்கும் வந்ததுதான். கார் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற குழந்தையின் முழங்கால் ஸ்விட்சில் பட்டு, கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரித்த விபத்துகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. 2004-ல் அங்கே அதற்கு ஒரு விதி போட்டார்கள். 2005-ல் அவர்களுடைய காங்கிரஸ் சட்டமே செய்தது: கண்ணாடியை ஏற்றுகிற ஸ்விட்சை அழுத்தினால் வேலை செய்யக் கூடாது, விரலால் மேலேயோ வெளியேயோ இழுத்தால்தான் ஏற வேண்டும் என்று. முழங்கால் அழுத்தும், இழுக்காது அல்லவா? குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உங்கள் காரில் அந்த ஸ்விட்ச் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பின் ஸீட் ஜன்னல்களைப் பூட்டி வைக்க டிரைவர் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பையன் அந்தச் சட்டத்தைப் படித்தவன் அல்ல. சோப்பு டப்பாவைத் திருப்பிப் போட்டு, பொத்தான்களை அடியில் பள்ளத்துக்குள் வைத்துவிட்டான். சுற்றிலும் விளிம்பு நிற்பதால் முழங்கை பட்டாலும் உள்ளே போகாது. விரலை விட்டு வேண்டுமென்றே அழுத்தினால்தான் உண்டு. இருட்டில் எது ஏற, எது இறங்க என்று தெரிய வேண்டுமே? 'ஏறு' பொத்தானின் மேல் ஒரு புளியங்கொட்டையை ஒட்டிவிட்டான். இந்த யோசனை அத்தையுடையது என்று அவள் சொல்கிறாள். பையன் மறுக்கவில்லை.

நான் இருந்தபோதே மணி பன்னிரண்டு ஆயிற்று. மாமாவின் இடது கை டப்பாவைத் தேடிப் போயிற்று. புளியங்கொட்டையைத் தடவிற்று. 'டக்' என்று ஒரு சத்தம்; தலைமாடு மெல்ல எழும்பிற்று. கொஞ்சம் எழும்பியதும் விரலை எடுத்தார், நின்றது. போதவில்லை போலிருக்கிறது, இன்னும் ஒரு தரம் அழுத்தினார். மலை முழுசாக ஜன்னலுக்குள் வந்துவிட்டது. அத்தை சமையற்கட்டில் இருந்தாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'டக்' சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் கடைத் தெருவுக்குப் போய்ப் புதுக் காலிங் பெல் பொத்தான் ஒன்று வாங்கி வந்தேன். விருந்தாளிகள் என் மாதிரி வெயிலில் நிற்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வாசலுக்கு எதுக்குடா இது? வர்றவங்களுக்குத்தான் கை இருக்கே, தட்டட்டும். அவர் டப்பாவுல மூணாவதா இதை வெச்சா, என்னைக் கூப்பிடறதுக்கு ஆகுமே?"

பையன் ஆகும் என்றான். ஆனால் வாசல் பெல்லின் வீட்டு மின்சாரத்தைக் கட்டில் பக்கம் கொண்டுவர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதே 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன பஸ்ஸர் போதும், அதுவும் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்தது அவனிடம் இருக்கிறது, மறுநாள் கொண்டுவருகிறேன் என்றான். மூன்றாவது பொத்தானின் மேல் ஒட்டுவதற்கு அத்தை அப்போதே ஒரு கொண்டைக் கடலையைப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டாள்.